விழித்தபடி கிடப்பது

அன்புள்ள அண்ணனுக்கு,

முப்பத்தோரு ஆண்டுகள் பஸ் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பெரும்பாலும் இராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரத்துக்கு முதல் நடை. மூன்றேகாலுக்கு எழுந்தே பழகியவன் இப்போது காலை எட்டு மணிவரை படுக்கையில் கிடக்கிறேன். அலாரத்தை மட்டும் இன்னும் மூன்றேகாலுக்கே வைத்திருக்கிறேன். அடித்ததும் நிறுத்திவிட்டு, 'இன்று போக வேண்டியதில்லை' என்று புரண்டு படுப்பதில் ஒரு சுகம். பிறகு எட்டு வரை போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மகன் பிரம்ம முகூர்த்தத்தில் எழச் சொல்கிறான். பக்கத்து வீட்டு நண்பர் நடைப்பயிற்சிக்குக் கூப்பிடுகிறார். மனைவி ஒன்றும் சொல்வதில்லை, அவள் எப்போதும்போல் எழுந்துவிடுகிறாள். சோம்பேறியாகிவிட்டேனோ என்று எனக்குத்தான் உறுத்துகிறது. ஓய்வு பெற்றவன் எத்தனை மணிக்கு எழுவது முறை? பெயர் வேண்டாம்.

வாசகர், பட்டணம்காத்தான்

அன்புள்ள தம்பிக்கு,

போன வாரம் பாம்பனில் எங்கள் பழைய வீட்டுத் திண்ணையை இடித்தோம். சுவர் வெடித்துவிட்டது, வேறு வழியில்லை. கடலுக்குப் போவதை நிறுத்திய பிறகு அப்பா தன் விடியற்காலைகளை எல்லாம் கழித்தது அந்தத் திண்ணையில்தான். மண்வெட்டிச் சத்தம் மனதிலிருந்து போகாத நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

முதலில் திட்டிவிடுகிறேன். மூன்றேகால் அலாரத்தை நிறுத்துவதில் உங்களுக்குச் சுகம். அது உங்கள் மனைவியின் காதில் அடிக்கவில்லையா? முப்பத்தோரு ஆண்டுகள் நீங்கள் பணிமனைக்குப் போக, உங்களுக்கு முன்பே எழுந்து அடுப்பு மூட்டியவர் அவர்தானே? இப்போதும் மணி அடிக்கிறது, நீங்கள் புரண்டு படுக்கிறீர்கள், அவருக்கு அதோடு உறக்கம் போய்விடுகிறது. 'எப்போதும்போல் எழுந்துவிடுகிறாள்' என்று எழுத உங்களுக்குக் கை வந்ததே! அவராக எழவில்லை, தம்பி. நீங்கள் எழுப்புகிறீர்கள். இன்று இரவே அந்த அலாரத்தை எடுத்துவிடுங்கள்.

மகன் சொல்லும் பிரம்ம முகூர்த்தம் சூரிய உதயத்துக்கு 96 நிமிடம் முன்னால் தொடங்கி 48 நிமிடம் நீடிப்பது. அந்த நேரத்தில் பஸ்ஸில் நின்று டிக்கெட் கிழித்த மனிதருக்கு அதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. நடைப்பயிற்சியை மாலையிலும் போகலாம். இவை இரண்டையும் விட்டுவிடுங்கள்.

உண்மையில் அலாரம் இல்லாவிட்டாலும் நீங்கள் விழித்துக்கொள்வீர்கள். உடலுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அது எப்படி இயங்குகிறது என்று பழ ஈக்களை வைத்துக் கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2017-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கொடுத்தார்கள். வயது ஏற ஏற அந்தக் கடிகாரம் முன்னால் நகர்கிறது, ஆழ்ந்த உறக்கமும் குறைகிறது. ஆகவே உங்களுக்குக் கிடைத்திருப்பது உறக்கம் என்று நினைக்காதீர்கள். உறங்கும் வயது நமக்குப் போய்விட்டது. கிடைத்திருப்பது வேறு ஒன்று, விழித்த பிறகும் எழ வேண்டியிராமல் கிடப்பது. அதன் அருமையை அப்பாவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அப்பா நண்டு வலைக்குப் போனவர். முந்தின நாள் வலையை விட்டுவிட்டு வந்து, மறுநாள் விடியுமுன் போய் எடுக்க வேண்டும். இரண்டரைக்கு எழுவார். 1964 டிசம்பர் 22 இரவு, தனுஷ்கோடியை அழித்த புயல் அடித்தபோது, பாம்பனில் இருந்தவர். அதற்குப் பிறகு காற்றின் திசை மாறினால் உறக்கத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடும் என்று அம்மா சொல்வாள். 1996-இல் இடுப்பு ஒத்துழைக்காமல் போனது. வள்ளத்தை அடுத்த தெருக்காரருக்கு விற்றுவிட்டார். ஆனால் இரண்டரைக்கு விழிப்பது நிற்கவில்லை. உள்ளே கிடந்து அம்மாவின் உறக்கத்தைக் கெடுக்க வேண்டாம் என்று பாயைத் திண்ணைக்குக் கொண்டுவந்துவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு, விடிந்து வெயில் காலில் ஏறும்வரை அங்கேயே கிடப்பார்.

விடுமுறைக்குப் போகும்போது நானும் பக்கத்தில் படுப்பேன். அவர் தூங்குகிறார் என்றே முதலில் நினைத்தேன். ஒருநாள் கண்ணைத் திறக்காமலே, "கச்சான் இறங்கிவிட்டது, இன்று தென்கடலில் பாடு இருக்காது" என்றார். கச்சான் என்றால் மேல்காற்று, பாடு என்றால் வலையில் கிடைப்பது. எனக்குக் காற்று வந்ததே தெரியவில்லை. பிறகு ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். போகிற ஒவ்வொரு என்ஜினும் யாருடையது, எந்த வள்ளத்தில் ஆள் குறைவு, யார் பிந்திப் போகிறார் என்று. எங்கள் பக்கம் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்று முறை உண்டு. அப்பா கிழமையை நாள்காட்டியில் பார்த்ததே இல்லை, என்ஜின் சத்தத்தில் தெரிந்துகொள்வார். 2001-இல் மீன்பிடித் தடைக்காலம் கொண்டுவந்தார்கள். விசைப்படகுகளின் சத்தமே இல்லாத அந்த 45 நாளும் அப்பா நிலைகொள்ளாமல் திண்ணையில் புரண்டுகொண்டிருந்தார். இன்றைக்கு அந்தத் தடை 61 நாள். அவர் இருந்திருந்தால் எப்படித் தாங்கியிருப்பாரோ!

படகுகள் போன பிறகு கோயில் மணி, தேவாலய மணி, பாங்கு. விடியற்காலைப் பாங்கில் மட்டும் உறக்கத்தைவிடத் தொழுகை மேலானது என்று ஒரு வரி கூடுதலாக வரும். அதை அப்பாவுக்கு விளக்கியவர் அவரோடு கடலுக்குப் போன ஒரு மரைக்காயர். அந்த வரி வரும்போது அப்பா மெல்லத் தலையசைப்பார், எழமாட்டார். பிறகு மீட்டர் கேஜ் ரயில் பாலத்தில் ஏறி ஊரும் சத்தம். 1988-இல் சாலைப் பாலம் திறந்ததிலிருந்து முதல் பஸ்.

ஒரு நாள் அப்பா, தாம் விற்ற வள்ளம் போகும்போது மட்டும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "என்ஜினுக்குத் தண்ணீர் ஏறவில்லை. ஓடிப் போய்ச் சொல்" என்றார். நான் கரைக்கு ஓடினேன். அதற்குள் போய்விட்டார்கள். நண்பகலுக்கு மேல் அந்த வள்ளத்தை இன்னொரு வள்ளம் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. அப்பா அன்று முழுவதும் சோறு தின்னவில்லை. தானே கடலில் போய் நின்றதுபோல் இருந்தது அவருக்கு.

இதை எதற்கு இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், நீங்கள் எட்டு மணிவரை கிடக்கிறீர்களே, கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம், அதில் உங்கள் காதில் என்ன விழுகிறது? போனில் யாரோ அனுப்பிய காணொளி, எவரோ எவருக்கோ சொன்ன காலை வணக்கம், எங்கோ நடந்த வெட்டுக்குத்து. முப்பத்தோரு ஆண்டுகள் கண் விழித்ததும் பிறர் அவசரத்துக்கு ஓடினீர்கள். இப்போது படுத்துக்கொண்டே அதே ஓட்டத்தை ஓடுகிறீர்கள். உறுத்துவது அதனால்தான். சோம்பலுக்கு உறுத்தல் கிடையாது, நன்றாகக் கிடந்தவன் உறுத்தலோடு எழுவதில்லை. போனை அடுத்த அறையில் வையுங்கள். அடுத்த அறை என்றால் அடுத்த அறை, தலையணைக்கு அடியில் இல்லை. இருட்டில் கை அதைத் தேடும். தேடட்டும், நாலு நாள் தேடிவிட்டு ஓய்ந்துவிடும். எட்டு மணிவரை கிடங்கள், ஒன்பது மணிவரை கிடங்கள், நான் தடுக்கமாட்டேன். ஆனால் ஊர் எழுவதைக் கேட்டுக்கொண்டு கிடங்கள்.

எத்தனை மணிக்கு எழ வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் மனைவி உறங்கி எழுந்த பிறகு எழுங்கள்.

இன்னும் ஒன்று. பாலத்திலிருந்து முதல் பஸ் இறங்கும் சத்தம் கேட்டதும் அப்பா, "இன்று பத்து நிமிடம் பிந்திவிட்டது" என்பார், அல்லது "சரியாக வந்துவிட்டான்" என்பார். அந்த நாட்களில் நீங்கள் அந்த வழித்தடத்தில் இருந்திருக்கிறீர்கள். அவர் காதில் விழுந்த பஸ்களில் உங்களுடையதும் இருந்திருக்கும், தம்பி. இப்போது அந்த முதல் நடை உங்கள் பட்டணம்காத்தானைத் தாண்டித்தான் போகிறது. நாளைக்கு அதைக் கேட்டுவிட்டு, நேரத்துக்கு வந்ததா என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.