டஜனா, பீஸா?

கேள்வி: பனியன் கம்பெனி ஒன்றில் கணினிப் பிரிவில் இருக்கிறேன். ஆர்டர், ஸ்டாக், பில் பார்க்கும் எங்கள் சாஃப்ட்வேரை, சொன்ன வேலையைத் தானே செய்து முடிக்கும் ஓர் ஏஐ ஏஜென்ட்டோடு இணைக்கப் போகிறோம். ஆர்டர் போடுவது, பில் ரத்து செய்வது என்று அது பயன்படுத்தப் போகும் 14 டூல்களுக்கும் விளக்கம் எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. ஊழியர்களுக்காக எழுதிய 90 பக்கக் கையேடு இருக்கிறதே, அதையே கொடுத்துவிட்டால் போதாதா?
- வாசகர், திருப்பூர்

பதில்: போதாது. இருபது வருடம் கையேடு எழுதியே காலம் தள்ளியவள் சொல்கிறேன்.

‘வலது மூலையில் உள்ள பச்சை பட்டனை அழுத்தவும்’ என்று பக்கம் பக்கமாக எழுதியிருப்பீர்கள். டூல் வழியாக வேலை செய்யும் ஏஜென்ட்டுக்குத் திரையே கிடையாது. ஏஐயை மற்ற சாஃப்ட்வேர்களோடு இணைக்க, ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்சிபி என்ற பொது முறையை எடுத்துக்கொண்டால், ஒரு டூலைப் பற்றி அதற்குக் கிடைப்பது முக்கியமாக மூன்று: பெயர், விளக்கம், என்னென்ன உள்ளீடு தர வேண்டும் என்ற அமைப்பு. இந்த விளக்கங்களைப் பெரும்பாலும் ஒவ்வொரு வேலையின்போதும் அது சுமந்துகொண்டுதான் போகிறது. அதில் 90 பக்கத்தைத் திணித்தால் செலவும் ஏறும், குழப்பமும் ஏறும்.

உங்கள் தொழிலிலேயே நான் பட்ட பாடு ஒன்று. ஒரு பின்னலாடை ஆர்டர் சாஃப்ட்வேருக்கு, ‘அளவு: ஆர்டர் அளவைக் குறிப்பிடவும்’ என்று எழுதி வைத்திருந்தேன். எழுதியதும் எழுதாததும் ஒன்றுதான் என்கிற மாதிரியான வரி. ஆனாலும் பல வருடம் அதனால் ஒரு தொல்லையும் வரவில்லை. புதிதாக வந்த பையன் பக்கத்து சீட்டில், “அண்ணா, இது டஜன்லயா, பீஸ்லயா?” என்று கேட்டுக்கொள்வான். பிறகு அதை ஏஜென்ட்டோடு இணைத்தார்கள். ஏஜென்ட்டுக்கு ஏது பக்கத்து சீட்? வாடிக்கையாளர் 240 பீஸ் கேட்டார், அது 240 என்று போட்டது. சாஃப்ட்வேர் அதை டஜனாக எடுத்துக்கொள்ள, 2,880 பீஸுக்கு ஆர்டர் தயார். சோதனை ஓட்டம் என்பதால் நூல் செலவாகவில்லை.

நான் உடனே, ‘டஜன் கணக்கில் மட்டும், பீஸில் சொன்னால் 12-ஆல் வகுக்கவும்’ என்று திருத்தினேன். புரோகிராமர் தம்பி சிரித்தான். “வகுக்கிற வேலைய ஏன்க்கா அதுகிட்ட விடணும்?” என்றவன், அலகைத் தனி ஃபீல்டாக்கி (நிரப்ப வேண்டிய கட்டமாக்கி), டஜன் அல்லது பீஸ் இரண்டில் ஒன்றைத் தந்தே தீர வேண்டும் என்று வைத்துவிட்டான். நல்ல விளக்கத்தைவிடத் தவறு செய்ய இடமில்லாத ஃபீல்ட் மேல் என்பதை என்னைப் போன்ற எழுத்துக்காரர்கள் லேசில் ஒப்புக்கொள்வதில்லை.

தேதியும் அப்படித்தான். 03/04/2025 என்றால் நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்கக் கணக்கில் மார்ச் 4. 2025-04-03 என்ற வடிவத்தை உதாரணத்தோடு எழுதிவிடுங்கள்.

ஒரு டூலை எப்போது பயன்படுத்தக் கூடாது என்பதையும் எழுத வேண்டும். ‘பில் ரத்து’, ‘பில் நீக்கு’ என்று இரண்டு இருந்தால், எதைச் செய்தால் திரும்ப மீட்க முடியாது என்று சொல்லுங்கள். அதோடு, நீக்குவதற்கு முன் ஒரு மனிதரின் ஒப்புதல் வேண்டும் என்ற பூட்டை நிரலிலேயே போடச் சொல்லுங்கள். விளக்கத்தில் எழுதிய ‘கவனம்’ எல்லாம் பூட்டு ஆகாது. 1971-இல் வந்த யுனிக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தின் முதல் கையேட்டிலேயே கட்டளைகளின் குறைகளைச் சொல்ல ஒரு தனிப் பகுதி உண்டு. நாம்தான் குறையைச் சொல்லக் கூச்சப்படுகிறோம்.

பிழைச் செய்தியும் விளக்கத்தில் சேர்த்திதான். ‘பிழை 400’ என்று மட்டும் வந்தால் ஏஜென்ட் அதே தவறைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். ‘அலகு விடுபட்டுள்ளது, டஜன் அல்லது பீஸ் என்று தரவும்’ என்று வந்தால் பெரும்பாலும் அடுத்த முறையே சரி செய்துகொள்ளும்.

எழுதி முடித்ததும் உங்களுக்கு வந்த வாட்ஸ்அப் ஆர்டர்களில் ஒரு இருபதை எடுத்து, வாடிக்கையாளர் பெயர், போன் எண்ணை அழித்துவிட்டு, சோதனைத் தரவில் ஓட்டிப் பாருங்கள். ஏஜென்ட் எந்த இடத்தில் தப்பான டூலை எடுக்கிறது என்று, அது செய்ததையெல்லாம் குறித்து வைக்கும் பதிவில் தெரியும். அந்த வரியை மட்டும் மாற்றி மறுபடி ஓட்டுங்கள்.

முதலில் ஸ்டாக் டூலை எடுங்கள். அதில் வரும் எண்ணிக்கையில் செகண்ட்ஸும் (சிறு குறையால் ஒதுக்கிய பீஸ்களும்) சேர்த்தியா, இல்லையா? குடோனில் இருப்பவரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். கம்ப்யூட்டர் ரூமில் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள்.