மாஞ்சா நூல் கழுத்தை அறுத்தால் உண்மையில் எது அறுகிறது?

கேள்வி: சென்னை வியாசர்பாடிப் பக்கம் பைக்கில் போகும்போது, பட்டம் விடும் மாஞ்சா நூல் பட்டுக் கழுத்து நரம்பு அறுந்தால் பிழைக்கவே முடியாதா? சிலர் நாலு தையலோடு தப்பித்துவிடுகிறார்களே, எப்படி?

தினமும் பாலம் ஏறி இறங்குகிறவர் நீங்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். முதலில் அந்த 'நரம்பு'. நம்மூரில் ரத்தக்குழாயும் நரம்பு, நரம்பும் நரம்பு. ஊசி போடும்போதுகூட "நரம்பு கிடைக்கல" என்றுதான் சொல்கிறோம். கழுத்தில் இந்தக் குழப்பம் ஆபத்து. பீய்ச்சி அடித்தால் தமனி. கருஞ்சிவப்பாக வழிந்தால் சிரை. நரம்பு அறுந்தால் ரத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. குரல் கம்மினால், தோள் தொங்கினால்தான் தெரியும்.

தலையை இடப்பக்கம் திருப்பி, தாடையைக் கையால் எதிர்த்துத் தள்ளுங்கள். வலது காதுக்குப் பின்னாலிருந்து நெஞ்செலும்பு வரை சாய்வாக ஒரு தசை கயிறு மாதிரி எழும். கழுத்துக்கு அதுதான் எல்லைக்கல். அதன் அடியில் ஒரே உறைக்குள் மூன்று பேர்: உள்பக்கம் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனி, வெளிப்பக்கம் அந்த ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் உள் ஜுகுலர் சிரை, இரண்டுக்கும் நடுவில் சற்றுப் பின்னால் குரலுக்கும் கிளை விடும் வேகஸ் நரம்பு. குரல்வளைக் குருத்தெலும்பின் மேல்விளிம்பு உயரத்தில் கரோட்டிட் இரண்டாகப் பிரிகிறது. நாடி பார்க்க விரல் வைப்பது அந்த உயரத்தில்தான்.

"கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினான்" என்கிறோமே, அது நரம்பே இல்லை. தசைக்கு மேலே குறுக்காக இறங்கும் வெளி ஜுகுலர் சிரை. தோலும் காகிதம் போன்ற ஒரு மெல்லிய தசையும்தான் அதற்குக் காவல். கண்ணாடித்தூள் பூசிய நூலுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. நாலு தையலோடு தப்பித்தவருக்குப் பெரும்பாலும் தோலும் இந்த மேல்மட்டமும் மட்டும் கிழிந்திருக்கும். நூல் நடுவில் பட்டிருந்தால் குரல்வளைக் குருத்தெலும்பே கொஞ்சம் தாங்கியிருக்கும். பக்கவாட்டில் ஆழமாக இறங்கினால்தான் கரோட்டிட்.

சிரைதானே என்று அசட்டையாக இருக்கக் கூடாது. காறை எலும்புக்குச் சற்று மேலே வெளி ஜுகுலர் ஒரு கெட்டியான சவ்வைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகிறது. அந்தச் சவ்வு அதன் சுவரைப் பிடித்துக்கொண்டிருப்பதால், அங்கே அறுந்தால் வாய் சுருங்காது. மூச்சை இழுக்கும்போது காற்றும் உள்ளே போய் இதயத்தின் வலப்பக்கத்தை அடைத்துவிடலாம். அதனால் ரத்தம் குறைவாக வந்தாலும் காயத்தை விரலால் மூடி, ஆளைப் படுக்க வையுங்கள். ரத்தம் வாய்க்குள் வந்து மூச்சுத் திணறினால் மட்டும் மல்லாத்தாமல் ஒருக்களித்து.

அழுத்துவது எப்படி? சுத்தமான துணியை மடித்து, காயத்தின் மேலேயே இரண்டு மூன்று விரலால் விடாமல். எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. இரண்டு பக்கக் கரோட்டிட்டையும் சேர்த்து அமுக்கினால் மூளைக்கு ரத்தம் குறையும். துண்டைக் கழுத்தைச் சுற்றி இறுக்கினால் மூச்சும் போச்சு. காயத்தில் குமிழி வந்தால் மூச்சுக்குழாய் திறந்திருக்கிறது, அந்த ஓட்டையை இறுக்கி மூடாதீர்கள். காபித்தூள், மஞ்சள்தூள் வேண்டவே வேண்டாம். பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோகாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். "நீ என்ன டாக்டரா?" என்று கீழே கமெண்டில் கேட்க வருகிறவர்களுக்கு: இது ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்தான், அதற்குள் நடப்பதை நான் சொல்லவில்லை.

தையல் போட்டாயிற்று என்று கிளம்பும் முன் நாலு சோதனை கேட்டு வாங்குங்கள். "ஈ" என்று நீட்டிச் சொல்லச் சொன்னால் குரல் உடையக் கூடாது. நாக்கை நீட்டினால் ஒரு பக்கம் சாயக் கூடாது. பல்லைக் காட்டினால் கீழுதடு கோணக் கூடாது. கையைத் தலைக்கு மேல் தூக்க முடிய வேண்டும். கடைசியது முக்கியம். தோளைத் தூக்கும் துணைநரம்பு, சாய்வுத் தசையின் பின்விளிம்பில் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் வெளியே வந்து, அதிக மறைப்பில்லாமல் பின்கழுத்துத் தசைக்குப் போகிறது. அது போனால் சீப்பைத் தலைக்குக் கொண்டுபோவதே பாடு.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், ஆதங்கம் அப்படி. அதே நரம்பை ஒட்டி வரிசையாக நிணநீர்க் கணுக்கள். நாம் 'நெறி' என்பது அவை வீங்குவதைத்தான். உடம்பிலுள்ள ஏறக்குறைய 800 கணுக்களில் 300 கழுத்தில். தாடைக் கோணத்துக்குக் கீழே வலியோடு வீங்கினால் பெரும்பாலும் தொண்டையோ பல்லோ. வலியில்லாமல், ஒன்றோடொன்று ஒட்டி, மூன்று வாரம் தாண்டியும் நின்றால் காசநோயையும் நினைக்க வேண்டும். ஆனால் நம் ஏரியாவில் என்ன நடக்கிறது? மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக் ஐந்து நாள், பிறகு சுண்ணாம்புப் பற்று, பிறகு யாரோ ஒருவர் கத்தியால் கீறிவிடுவார். சீழும் ஆறாது, சிலருக்குத் தோளும் தொங்கும். ஊசியால் உறிஞ்சிப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். காசநோய் என்றால் ஆறு மாத மாத்திரை, அரசு மருத்துவமனையில் இலவசம். இடது காறை எலும்புக்கு மேலே கெட்டியாக ஒரு நெறி தனியாக நின்றால் மட்டும் அடுத்த வாரம் என்று தள்ளாதீர்கள். வயிற்றிலிருந்து வரும் நிணநீர்க் குழாய் அந்தப் பக்கச் சிரையில்தான் கலக்கிறது, வயிற்றுப் புற்றுநோய் முதலில் அங்கே தலைகாட்டுவதுண்டு.