பால், முட்டை, வெண்ணெய் இல்லாமல் கிறிஸ்துமஸுக்குச் சத்தான குக்கீஸ் வீட்டில் செய்ய முடியுமா?

முடியும். என் அண்ணன் மகளுக்குப் பால் ஒவ்வாமை இருப்பதாக மருத்துவர் சொன்ன ஆண்டிலிருந்து ராயபுரத்தில் எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் குக்கீஸ் அப்படித்தான் தயாராகின்றன. கல்கலையும் அச்சு முறுக்கையும் முட்டை சேர்க்காமல் தேங்காய்ப்பாலில் பிசைந்துவிடலாம், பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் குக்கீஸில் வெண்ணெய் இல்லாத குறை முதல் கடியிலேயே நாக்குக்குத் தெரிந்துவிடும்.

தாவரப் பொருட்களால் மட்டுமே செய்தது என்பதற்காக ஒன்று உடலுக்கு நல்லதாகிவிடாது. வனஸ்பதியும் மைதாவும் சர்க்கரையும் சேர்த்துச் செய்யும் நான்கட்டாயில் பெரும்பாலும் பாலோ முட்டையோ இருப்பதில்லை; அதற்காக அதைச் சத்துணவு என்று யாரும் சொல்வதில்லை. 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்பு வகைகளில் இதயத்துக்குக் கேடான டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று நம் நாட்டில் விதி இருந்தாலும், கெட்டியான கொழுப்பு கெட்டியான கொழுப்புதான். வெண்ணெய்க்குப் பதிலாகப் பலரும் சொல்லும் தேங்காய் எண்ணெயிலும் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பே இருக்கிறது, அது வெண்ணெயில் இருப்பதைவிட அதிகம். அதனால் நான் செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் பாதிக்குப் பாதி எடுத்துக்கொள்கிறேன். உளுந்தங்களியில் கருப்பட்டியோடு நல்லெண்ணெய் ஊற்றிச் சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு இனிப்பில் அந்த வாசனை அந்நியமாக இருக்காது. நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதான். பல செய்முறைகளில் மாவின் எடையில் பாதியோ அதற்கு மேலோ இனிப்பு இருக்கும். நான் மாவும் வேர்க்கடலைப் பொடியும் சேர்ந்த எடையில் மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அளவு இதுதான்: கேழ்வரகு மாவு 100 கிராம், கோதுமை மாவு 100 கிராம், வறுத்துத் தோல் நீக்கிப் பொடித்த வேர்க்கடலை 50 கிராம், நாட்டுச் சர்க்கரை 80 கிராம், எண்ணெய் 70 மில்லி, பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி, ஏலக்காய், சுக்கு, ஒரு சிட்டிகை உப்பு. முட்டைக்குப் பதிலாக ஒரு மேசைக்கரண்டி ஆளி விதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் கலந்து பத்து நிமிடம் வைத்தால் கொழகொழவென்று ஆகிவிடும். கேழ்வரகில் பசைத்தன்மை தரும் குளூட்டன் கிடையாது என்பதால் இந்தக் கலவையும் கோதுமையும் இல்லாவிட்டால் குக்கீஸ் கையில் எடுத்ததும் உதிர்ந்துவிடும்.

கேழ்வரகு மாவை வறுப்பதில்தான் முழுக் கவனமும் வேண்டும். வெண்ணெய் போனதும் அதன் மணமும் போய்விடுகிறது. அந்த இடத்தை நிரப்ப நமக்குத் தெரிந்த வழி வறுப்புதான். அடி கனமான வாணலியில் சிறு தீயில் கை எடுக்காமல் கிளறும்போது முதலில் பச்சை வாசனை வரும், பிறகு மாவு கரண்டியில் ஒட்டாமல் மணல் போல ஓடத் தொடங்கும், அதன் பின்னாலேயே வறுத்த கடலையின் மணம் எழும். அந்த மணம் வந்ததும் இறக்கிவிட வேண்டும். நன்றாக ஆறிய பிறகே மற்றவற்றைச் சேர்க்க வேண்டும். பிசையும்போது மாவு சேராமல் நின்றால் இரண்டு மூன்று கரண்டி தேங்காய்ப்பால் தெளித்துக்கொள்ளலாம். எலுமிச்சை அளவைவிடச் சிறிய உருண்டைகளாகப் பிடித்து லேசாகத் தட்டினால் ஏறக்குறைய 28 வரும். ஒன்றில் சேர்த்த இனிப்பு 3 கிராமுக்குள்தான் இருக்கும்.

ஓடிஜி எனும் மின் அடுப்பை முன்னதாகவே சூடாக்கி 170 டிகிரியில் 12 முதல் 14 நிமிடம் வைக்கிறேன். கேழ்வரகு மாவு முதலிலிருந்தே பழுப்பு நிறம் என்பதால் நிறத்தைப் பார்த்துப் பதம் சொல்ல முடியாது. முதல் ஆண்டில் நான் நிறம் மாறட்டும் என்று காத்திருந்து ஒரு தட்டு முழுவதையும் கல்லாக்கிவிட்டேன். இப்போது ஓரத்தை விரலால் மெல்ல அழுத்திப் பார்க்கிறேன்; ஓரம் இறுகி, நடு இன்னும் மெத்தென்று இருக்கும்போதே எடுத்து, தட்டிலேயே பத்து நிமிடம் விட்டால் ஆற ஆறக் கெட்டியாகும். ஓடிஜி இல்லாதவர்கள், அடியில் உப்பைப் பரப்பிய கனமான பாத்திரத்தை மூடிச் சூடாக்கி, நடுவில் தாங்கி வைத்து அதன் மேல் தட்டை வைத்தும் செய்யலாம். நேரம் சற்றுக் கூடும்.

மேலே சாக்லேட் தூவ நினைத்தால் உறையில் பால் பொருட்கள் உண்டா என்று படித்துவிட்டு வாங்குங்கள். கருப்புச் சாக்லேட்டிலும் சில வகைகளில் பால் கலந்திருக்கும்.

எங்கள் பகுதியில் கடற்காற்றின் ஈரம் டிசம்பரிலும் விடாது. சூடு முழுவதும் ஆறிய பிறகு எவர்சில்வர் டப்பாவில் இறுக மூடி வைத்தால் ஒரு வாரம் மொறுமொறுப்பு குறையாது. நமத்துப்போனால் 150 டிகிரியில் ஐந்து நிமிடம் சூடாக்கினால் போதும்.

தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் எங்களுக்குக் கொடுத்தனுப்பும் பக்கத்து வீடுகளுக்கு கிறிஸ்துமஸ் தட்டில் இப்போது இந்தக் குக்கீஸ்தான் போகின்றன. அவற்றில் வேர்க்கடலை இருப்பதை ஒரு சிறு தாளில் எழுதி வைத்துவிடுகிறோம், அந்த வீடுகளிலும் ஒவ்வாமை உள்ள குழந்தை இருக்கலாம் அல்லவா? முதல் முறை தட்டை நீட்டியபோது என் அண்ணன் மகள், “அத்தை, இது எனக்கு மட்டுமா, எல்லாருக்குமா?” என்று கேட்டாள். எல்லாருக்கும்தான் என்றதும் இரண்டு கையிலும் ஒவ்வொன்றை எடுத்துக்கொண்டு, ஒன்றைத் தன் தம்பிக்குக் கொடுக்க ஓடினாள்.