வாசகர் கேள்வி – பதில்: நடந்து பார்க்க ஒரு பழைய நகரம்

கேள்வி: இத்தாலியில் வேலை செய்யும் மகனிடம் போகவிருக்கிறேன். அங்கே நடந்தே சுற்றிப் பார்க்கத்தக்க பழைய நகரம் எது?
– வாசகி, ஹட்டன்

பதில்: தயங்காமல் சியனாவுக்குச் செல்லுங்கள், அம்மா. குன்றுகளின் மேல் அமைந்த அந்நகரின் ஒடுங்கிய தெருக்கள், ஏறியும் இறங்கியும், கடைசியில் சிப்பி வடிவில் விரிந்த 'பியாத்சா தெல் காம்போ' சதுக்கத்தில் கொண்டுவந்து விடும். செங்கல் பதித்த அதன் தரையை வெளிர்க்கல் வரிகள் ஒன்பது பாகங்களாகப் பிரிக்கின்றன; 1287 முதல் 1355 வரை நகரை ஆண்ட ஒன்பதின்மர் அவையை அவை நினைவூட்டுகின்றன. தரை முழுவதும் நகர மாளிகையை நோக்கிச் சரிந்திருப்பதால், பெய்கிற மழைநீர் தாழ்ந்த முனையிலுள்ள வடிகாலுக்குத் தானாகவே ஓடிச் சேர்கிறது. தேயிலை மலையில் கான் (வடிகால்) வெட்டிய கைகளுக்கு அந்த நேர்த்தி உடனே புரியும். ஜூலை 2, ஆகஸ்ட் 16 ஆகிய குதிரைப் பந்தய நாட்களில் சனநெரிசல் மிகுதி. அவற்றைத் தவிர்த்து, காலையிலேயே போய்விடுங்கள்.