வீட்டுக் கேள்வி – பதில்: சிமெண்ட் தரைக்குச் சாயம் ஏற்றலாமா?

கேள்வி: போர்டிகோவில் 120 சதுர அடிக்கு வெறும் சிமெண்ட் தரைதான் இருக்கிறது. போட்டு மூன்று வருடம் ஆகிறது. பெயிண்ட் அடித்தால் கார் டயரில் ஒட்டிக்கொண்டு உரிந்துவிடும் என்கிறார்கள். தரையை உடைக்காமல் நாமே நிறம் ஏற்ற வழி உண்டா?
— வாசகர், திருச்சி

உண்டு. பெயிண்ட் தரையின் மேல் படலமாக உட்காருவதால்தான் உரிகிறது. சாயம் சிமெண்டிலேயே ஊறிப் பிடிக்கும். கடையில் விற்கும் ஆசிட் ஸ்டெயினில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் உலோக உப்புகளும் இருக்கும்; அதன் புகையைக் கையாள அனுபவம் வேண்டும். முதல்முறை செய்பவர்களுக்கு நாங்கள் சொல்வது அன்னபேதி என்ற இரும்பு உப்பு. உரக்கடையில் ‘பெரஸ் சல்பேட்’ என்று கேட்டால் கொடுப்பார்கள். சிமெண்டில் இருக்கும் சுண்ணாம்போடு அது சேர்ந்து, காற்று பட்டதும் துரு நிறமாகிறது. மஞ்சள் கலந்த பழுப்பிலிருந்து செங்காவி வரை வரும். ஒரே சீராக வராது. மேகம் போலத் திட்டுத் திட்டாக வருவதுதான் இதன் அழகு. பெயிண்ட் அடித்த மாதிரி ஒரே நிறம் வேண்டும் என்பவர்கள் இதில் இறங்க வேண்டாம்.

முதலில் ஒரு சோதனை. தரையில் நாலைந்து இடத்தில் ஒரு ஸ்பூன் தண்ணீர் விடுங்கள். ஓரிரு நிமிடத்தில் உறிஞ்சிக்கொண்டு இடம் கறுத்தால் சாயம் பிடிக்கும். முத்து முத்தாக நின்றால் அங்கே எண்ணெயோ, மெழுகோ, பழைய பூச்சோ இருக்கிறது என்று அர்த்தம். எண்ணெய்க் கறையைச் சலவைத் தூள் போட்டு முரட்டு பிரஷ்ஷால் இரண்டு மூன்று தடவை தேய்த்துக் கழுவுங்கள். வழவழப்பாக இழைத்த தரையென்றால் மொசைக் தேய்க்கும் கல்லால் லேசாகத் தேய்த்துவிடுங்கள். பளிச்சென்று ஆகட்டும் என்று ஆசிட் ஊற்றிக் கழுவிவிடாதீர்கள். மேலே இருக்கும் சுண்ணாம்பை ஆசிட் தின்றுவிட்டால், பிறகு அன்னபேதிக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் மிஞ்சாது.

அளவு: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம். 120 சதுர அடிக்கு ஒரு பூச்சுக்கு மூன்று லிட்டர் வரை ஆகும். இரண்டு பூச்சுக்கு ஒரு கிலோ அன்னபேதி தாராளம். படிகம் வெளிர்பச்சையாக இருக்க வேண்டும். மேலே பழுப்புத் தூள் படிந்திருந்தால் காற்றில் ஏற்கெனவே துருவேறியது, வாங்க வேண்டாம். போர்வெல் தண்ணீரில் கரைத்தால் பாத்திரத்திலேயே கலங்கி அடியில் படியும்; ஆர்.ஓ. தண்ணீர் நல்லது. கரைத்ததை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.

சுவரின் அடிப்பகுதி, தூண், கிரானைட் படி எல்லாவற்றையும் பாலித்தீன் தாளும் டேப்பும் போட்டு மூடுங்கள். இந்தக் கறை சுவரில் பட்டால் போகாது. கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு, செடிக்கு மருந்தடிக்கும் பிளாஸ்டிக் ஸ்பிரேயரால் உள்மூலையில் தொடங்கி வாசல் பக்கமாகப் பின்வாங்கியபடி அடியுங்கள். ஈரத்தின் ஓரம் காய்வதற்குள் அடுத்த பகுதியைச் சேர்த்துவிட வேண்டும். நடுவில் நிறுத்தினால் அந்த இடம் கோடாகவே நின்றுவிடும். நனைந்த இடத்தில் காலடி வைத்தாலும் தடம் அப்படியே பதியும். அடித்ததும் அழுக்குப் பச்சையாகத் தெரியும், பயப்பட வேண்டாம். காயக் காயப் பழுப்பேறும். மறுநாள் பார்த்துவிட்டு இரண்டாம் பூச்சு.

முழுத் தரையிலும் அடிப்பதற்கு முன், பூந்தொட்டிக்கு அடியில் மறையும் இடத்தில் ஒரு சதுர அடி அடித்து, இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். அந்த நிறம் பிடித்தால் மட்டும் மேலே போகலாம். ஏறிய நிறத்தைத் திரும்ப எடுக்க முடியாது.

நன்றாகக் காய்ந்ததும் தளர்ந்த தூளை விளக்குமாற்றால் கூட்டி, துடைக்கும் துணியில் நிறம் வருவது நிற்கும் வரை தண்ணீர் விட்டுத் துடையுங்கள். இரண்டு மூன்று நாள் உலரவிட்டு சீலர் (தரையைக் காக்கும் பூச்சு) அடிக்கலாம். கார் நிற்கும் இடத்துக்குத் தரையில் ஊறும் வகை சீலர்தான் வாங்க வேண்டும். அக்ரிலிக் படலம் சூடான டயரோடு வந்துவிடும். சீலர் போடும் வரை டீ, காபி சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டீயில் இருக்கும் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் மைக்கறுப்பாகும். அந்தக் காலத்தில் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து எழுதும் மை செய்தது இந்தக் கணக்கில்தான்.

கேள்வி: புது அறைக்கு ரெட் ஆக்சைடு தரை போடுகிறோம். நிறம் தூக்கலாக வர ஆக்சைடை நிறையப் போடலாம் என்கிறார் கொத்தனார். சரியா?
— வாசகி, தேவகோட்டை

சரியில்லை. 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு 5 கிலோவே உச்சம். அதற்கு மேல் போனால் நிறம் பெரிதாக ஏறாது, தரைதான் தேயும். நடந்தால் காலில் காவி ஒட்டும். 100 சதுர அடிக்கு 3 மில்லிமீட்டர் மேல்பூச்சு என்றால் ஒரு மூட்டை போதும். அறை முழுவதற்கும் தேவையானதை ஒரே தடவையில் உலர்வாகக் கலந்து இரண்டு முறை சலித்து வையுங்கள். பாதிப் பாதியாகக் கலந்தால் பாதி அறை ஒரு சிவப்பு, மீதி வேறு சிவப்பு.

அடியில் ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் சேர்த்த கலவை ஓர் அங்குலம். மணியாஸ் கட்டையால் மட்டம் பிடித்து, கட்டைவிரலால் அழுத்தினால் ரேகை பதிய வேண்டும், விரல் இறங்கக் கூடாது. அந்தப் பதத்தில் சிவப்புப் பூச்சைப் போட வேண்டும். அடித்தளம் முழுக்கக் காய்ந்த பிறகு போட்டால் தட்டினால் ‘டொப் டொப்’ என்று சத்தம் வரும், பிறகு பெயரும். இரும்புக் கரண்டியால் இடைவெளி விட்டு மூன்று தடவை இழையுங்கள். ஈரம் மேலே வந்தால் உலர்ந்த சிமெண்டைத் தூவி உறிஞ்ச வைப்பது பரவலான பழக்கம். சிலந்தி வலை மாதிரி மயிர்க்கோடு விழுவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். மின்விசிறியும் வெயிலும் இன்னொரு காரணம். ஜன்னலைச் சாத்திவிட்டுப் போடுங்கள். நாலடிக்கு நாலடி கண்ணாடிப் பட்டி வைத்துப் பிரித்தால் வெடிப்பு அதன் ஓரத்தோடு நிற்கும். மறுநாளிலிருந்து பாத்தி கட்டி குறைந்தது ஏழு நாள் தண்ணீர் நிற்கட்டும்.

கேள்வி: பழைய சிவப்புத் தரையில் மழைக்காலத்தில் வெள்ளை பூக்கிறது. ஆசிட் போடலாமா?
— வாசகி, நாகர்கோவில்

வேண்டாம். ஆசிட் சிமெண்டை அரித்துத் தரையை மங்கலாக்கிவிடும். ஒரு பங்கு வினிகருக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்து துடைத்து, உடனே நல்ல தண்ணீரால் கழுவுங்கள். ஆனால் வருடா வருடம் வருகிறதென்றால் கீழிருந்து ஈரம் உப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறது. இரண்டடிச் சதுரப் பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் வைத்துப் பாருங்கள். அடியில் நீர் கோத்திருந்தால் மெழுகு, எண்ணெய், சீலர் எதையும் போடாதீர்கள். வெளியேற வழியில்லாத ஈரம் மேல்தோலைச் செதில் செதிலாகப் பெயர்த்துவிடும். சுவரோரம் மழைநீர் தேங்குகிறதா, குழாய் கசிகிறதா என்று முதலில் பார்த்துச் சரிசெய்யுங்கள். தரை நன்றாக உலர்ந்த பிறகு தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லிசாகத் துடைத்தால் சிவப்பு மறுபடி எழும்பும்.