1950-களின் செவ்ரோலெட் 3100 பிக்கப்பை வீட்டு ஷெட்டிலேயே கட்ட முடியுமா? எங்கே தொடங்குவது?

முடியும். எஞ்சினைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம். முதலில் கேபினின் கீழ் மூலைகளை ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பாருங்கள். டங்கென்று சத்தம் வந்தால் தகடு உயிரோடு இருக்கிறது. பொத்தென்று உள்ளே போனால் வெட்டிப் புதுத் தகடு ஒட்ட வேண்டியதுதான். வெட்டுவதற்கு முன் கதவை மாட்டி, இடுக்கு சீராக இருக்கும்போதே, உள்பக்கமாகக் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து வெல்டு பிடித்துவிடுங்கள். சோம்பல்பட்டு இதை விட்டால் கேபின் தொய்ந்து, அப்புறம் கதவு சரியாக மூடவே மூடாது.

அசல் வண்டிக்கு முன்னால் நேர் ஆக்சில், பட்டை ஸ்பிரிங், நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். இன்றைய ஓட்டத்துக்கு அது பழைய ஏற்பாடு. அதனால் அமெரிக்காவில் பலர், பின்னாளில் வந்த செவ்ரோலெட் எஸ்-10 என்ற சிறிய பிக்கப்பின் சேஸிஸ் (அடிச்சட்டம்) மேல் இந்த உடலைத் தூக்கி வைக்கிறார்கள். நீளமான சரக்குத் தொட்டி உள்ள எஸ்-10-இன் முன், பின் சக்கர இடைவெளி 117.9 அங்குலம், 1955 தொடக்கம் வரை வந்த 3100-க்கு 116, அதன் பிறகு வந்ததற்கு 114. சொச்சம்தானே என்று விடாதீர்கள், பின்சக்கரம் மட்கார்டின் நடுவில் நிற்காது, பார்க்கவே கோணலாக இருக்கும்.

1954 வரையிலான வண்டி என்றால் வயரிங் 6 வோல்ட். ஒட்டுப்போடாமல் மொத்தமாக உருவிவிட்டு 12 வோல்ட்டுக்கு மாற்றுங்கள். பெயின்ட் கடைசியில்தான்.