பூனையும் தராசும்

அன்புள்ள அக்கா,

போன மாதம் குன்னூரில் நண்பர்கள் கூடி பிரெஞ்சு இயக்குநர் கிறிஸ் மார்க்கரின் பூனைப் படத்தைப் பார்த்தோம். பாரிஸ் நகரத்தின் சுவர்களிலும் கூரைகளிலும் யாரோ வரைந்துவிட்டுப் போன மஞ்சள் பூனைகளைத் தேடுகிற ஆவணப்படம். பூனையைத் தேடிப் போன கேமரா ஊர்வலங்களுக்குள் போய் நிற்கிறது. படம் முடிந்ததும் எங்களுக்கும் ஆசை வந்துவிட்டது. எங்கள் ஊர் பஸ் ஸ்டாப் சுவரில், தேயிலைக் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு சிரிக்கும் ஒரு காட்டெருமையை வரைந்து, பக்கத்தில் பசுந்தேயிலைக்கு நியாயமான விலை கேட்டு எழுதலாம் என்று பேசினோம். எங்கள் வீட்டுக்கும் கொஞ்சம் தேயிலைத் தோட்டம் உண்டு. அப்பாவிடம் சொன்னேன். "வயித்துப் பிரச்சினையை விளையாட்டாக்காதே" என்று முடித்துவிட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. போராட்டத்தில் விளையாட்டுக்கு இடம் உண்டா?

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

உண்டு. ஆனால் உங்கள் அப்பா சொன்னதையும் நான் தள்ளிவிட மாட்டேன்.

முதலில் படம். 2004-ல் அது வந்தபோது மார்க்கருக்கு 83 வயது. ஒரு மணி நேரம்கூட இல்லாத படம். அந்த வயதில் ஒரு சின்ன டிஜிட்டல் கேமராவோடு தெருவில் நடந்து, எங்கோ உயரத்தில் வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கும் ஒரு பூனையை அண்ணாந்து பார்க்கிறார் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். 2001 செப்டம்பரில் அமெரிக்காவின் இரட்டைக் கோபுரங்கள் தாக்கப்பட்டதற்குப் பிந்தைய பாரிஸ் அது. 2002 ஏப்ரலில் ஜனாதிபதித் தேர்தலின் முதல் சுற்றில் தீவிர வலதுசாரி லெ பென் ஏறக்குறைய 17 சதவீத ஓட்டு வாங்கி இரண்டாம் சுற்றுக்கு வந்துவிட்டார். அவ்வளவுதான், பிள்ளைகள், பெரியவர்கள் எல்லாரும் தெருவுக்கு வந்தார்கள். இரண்டாம் சுற்றில், பதவியில் இருந்த ஜனாதிபதி சிராக் 82 சதவீதத்தோடு ஜெயித்தார். அடுத்த வருஷம் இராக் போர், மறுபடி ஊர்வலங்கள். அதுவரை சுவரில் இருந்த பூனை, ஜனங்கள் கையில் அட்டையாகத் தெருவுக்கு இறங்கியது.

அந்தப் பூனை எதையும் கேட்கவில்லை, கவனித்தீர்களா? அதன் கையில் கொடி இல்லை. கட்சிப் பதாகைக்குக் கீழே நிற்கக் கூச்சப்படுகிற ஒருவர் பூனை அட்டையைத் தயங்காமல் பிடிப்பார். வரைந்தவர் தோமா வூய் என்ற ஓவியர் என்பதே 2007-ல்தான் ஊருக்குத் தெரிந்தது. ஆள் தெரியாததால் அது எல்லாருடைய பூனையாகவும் இருந்தது. விளையாட்டு ஒரு போராட்டத்துக்குச் செய்யும் முதல் உதவி இதுதான் என்று நினைக்கிறேன். ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தவரை அது உள்ளே கூட்டி வந்துவிடும்.

இது வெளிநாட்டு வேலை என்று யாராவது சொன்னால் பெசன்ட் நகரைச் சொல்லுங்கள். 2019 டிசம்பர் 29, மார்கழி ஞாயிற்றுக்கிழமை காலை. குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராகச் சில பெண்கள் தெருவில் கோலம் போட்டு, அதற்குள் "வேண்டாம்" என்று எழுதினார்கள். மார்கழியில் வாசலில் கோலம் இருப்பதை யார் தப்பாகப் பார்ப்பார்கள்? போலீஸ் பார்த்தது. போட்டவர்களைப் பிடித்துக்கொண்டு போனது. மறுநாள், அப்போது எதிர்க்கட்சியில் இருந்த ஸ்டாலின், கனிமொழி வீட்டு வாசல்களில் அதே கோலம். அப்புறம் ஊர் ஊராகப் போட்டார்கள். ஒரு கூட்டத்துக்கு அனுமதி மறுக்கலாம், மைக்கைப் பிடுங்கலாம். கோலமாவைப் பிடுங்குகிற அரசு தன்னைத்தானே கேலிக்கு ஆளாக்கிக்கொள்கிறது. அந்தப் பெண்கள் செய்த காரியத்தில் எனக்குப் பிடித்தது, அவர்கள் புதிதாக எதையும் கற்றுக்கொண்டு வரவில்லை. தினமும் காலையில் செய்கிற வேலையையே செய்தார்கள்.

சரி, உங்கள் அப்பாவின் பக்கம். அதற்குக் கொடைக்கானலுக்குப் போக வேண்டும். 2001 மார்ச்சில், அங்கே இருந்த தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடந்தது தெரியவந்தது. ஜனங்கள் திரண்டார்கள், ஆலை மூடப்பட்டது. அதற்குப் பிறகு முன்னாள் தொழிலாளர்கள் நஷ்டஈடு கேட்டு வருஷக்கணக்காக அலைந்தார்கள். கோர்ட், மனு, கமிட்டி, மருத்துவ அறிக்கை. 2015-ல் சோபியா அஷ்ரஃப் என்ற பாடகி இதைப் பற்றி ஒரு ராப் பாட்டுப் பாடினார். எல்லாருக்கும் தெரிந்த துள்ளலான மெட்டு, அதற்குள் பாதரசமும் கம்பெனியின் பெயரும். லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். 2016 மார்ச்சில், அந்த ஆலையை நடத்திய இந்துஸ்தான் யூனிலீவர் 591 முன்னாள் தொழிலாளர்கள் தொடர்பாக உடன்பாட்டில் கையெழுத்துப் போட்டது.

பாட்டு ஜெயித்தது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. பாட்டு வருவதற்கு முன்னால் 14 வருஷம் அந்த ஆட்கள் விடாமல் நின்றார்கள். அந்த நிற்றல் இல்லாவிட்டால் பாட்டு ஒரு வாரத்து வேடிக்கையாகப் போயிருக்கும். பாட்டு இல்லாவிட்டால் அவர்கள் இன்னும் எத்தனை வருஷம் நின்றிருப்பார்களோ. ஆலை வளாகத்து மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்வது என்ற தகராறு பிறகும் ஓயவில்லை. அங்கே மறுபடி மனுவும் கோர்ட்டும்தான். உங்கள் அப்பா பயப்படுவது இதற்காகத்தான் என்று எனக்குப் படுகிறது. சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள், நிற்க மாட்டார்கள் என்று. 2023-ல் கோத்தகிரிப் பக்கம் விலை கேட்டு உண்ணாவிரதம் இருந்தார்களே, அந்தத் தலைமுறைக்கு இந்தப் பயம் நியாயம்தான்.

அதனால் யார் கையில் தூரிகை என்பதுதான் எனக்கு முக்கியம். தேயிலை கொடுக்கிறவர் தன் கஷ்டத்தைப் பார்த்துத் தானே சிரித்தால் அதில் ஒரு தெம்பு வரும். குன்னூரில் படம் பார்த்துவிட்டு வந்தவர் அவருக்காகச் சிரித்தால் அவருக்குக் கோபம்தான் வரும்.

இப்போது உங்கள் காட்டெருமை. வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். நம் மலைச் சுவர்களில் புலியும் யானையும் தோடர் குடிசையும் ஏற்கெனவே வரிசையாக நிற்கின்றன. அதில் இன்னொரு அழகான மிருகம் சேரும். சுற்றுலா வருகிறவர்கள் வண்டியை நிறுத்தி செல்பி எடுப்பார்கள், விலை பற்றிய வரி படத்துக்கு வெளியே போய்விடும். இன்னொன்று, பாரிஸ் பூனை யாரையும் முட்டவில்லை. நம் தோட்டங்களில் இலை பறிக்கப் போய்க் காட்டெருமையிடம் சிக்கியவர்கள் இருக்கிறார்கள். அந்த வீட்டுப் பெண் பஸ்ஸுக்கு நிற்கும்போது அது அவளைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது.

தராசை வரையுங்கள். இலை எடுக்கிற ஷெட்டில் தொங்குமே, வட்ட முகமும் முள்ளும் உள்ள பழைய தராசு. இப்போது பல இடத்தில் டிஜிட்டல் வந்துவிட்டாலும், அந்த வட்டத்தைப் பார்த்தாலே எல்லாருக்கும் அடையாளம் தெரியும். மூட்டையைக் கொக்கியில் மாட்டியதும் முள் ஓடி ஆடி நிற்கும். மழை நாளில் ஈரத்துக்கு என்று இத்தனை கிலோ கழித்துத்தான் சீட்டில் எழுதுவார்கள். உங்கள் அப்பா அந்த முள்ளை எத்தனை வருஷமாக முறைத்துப் பார்த்திருப்பார்! அந்த முகத்துக்கு ஒரு வாயும் பல்லும் வையுங்கள். முள் எந்த எண்ணில் நிற்க வேண்டும், பக்கத்தில் எந்த விலை எழுத வேண்டும் என்பதை அவரிடமே கேளுங்கள். அவருக்குக் கேலி வரும். ஷெட்டில் வரிசையில் நிற்கிற பெரியவர்கள் பேசுவதைக் கேட்டால் நீங்கள் நினைத்ததைவிடக் காரமான வசனம் கிடைக்கும்.

பஸ் ஸ்டாப் சுவரை விட்டுவிடுங்கள். பொது இடத்துச் சுவரை அனுமதியில்லாமல் தொட்டால் வழக்குப் போட 1959-லிருந்தே நம் மாநிலத்தில் சட்டம் இருக்கிறது. வேலைக்கு முயற்சி செய்துகொண்டிருக்கும் பையன்கள் பெயரில் எப்.ஐ.ஆர். விழ வேண்டாம். தோட்டக்காரர் யாராவது தன் வீட்டுப் பக்கச் சுவரைத் தருவார், கேட்டுப் பாருங்கள். அதோடு பத்திருபது அட்டையிலும் அதே தராசை வரைந்து குச்சியில் கட்டி வையுங்கள். அடுத்த ஆர்ப்பாட்டத்தில் முதல் அட்டையை உங்கள் அப்பாவிடம் நீட்டுங்கள். வாங்கவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம், பக்கத்தில் நில்லுங்கள்.

அன்புடன்,
அக்கா